அரிசி டிரம்முக்குள் ஒரு கிரிக்கெட் ஆல்பம்

அண்ணி,

ஆல்பத்தைத் திறந்தால் இன்னும் சேற்று வாடை வருகிறது. பிளாஸ்டிக் உறைகளின் வாடையோடு கலந்து, மழையில் நனைந்து காய்ந்த சாக்கு மாதிரி ஒரு வாடை. இத்தனை வருடத்தில் போயிருக்கும் என்று நினைத்தேன். போகவில்லை.

அண்ணன் முடிச்சூர் வீட்டைக் காலி செய்கிறார். கூடுவாஞ்சேரியில் இரண்டாவது மாடியில் ஒரு வீடு பார்த்திருக்கிறார். "தண்ணி வராத எடமா பார்த்தேன்" என்று மட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை போய்ச் சாமான்களைக் கட்டிக்கொடுத்தேன். மதியம் சாப்பிட உட்காருவதற்கு முன்னால் பீரோவின் மேல்தட்டிலிருந்து ஆல்பத்தை எடுத்து, பழைய துண்டால் துடைத்து, என் கையில் கொடுத்தார்.

"நீயே வெச்சுக்கோடா. எனக்கு இதைப் பார்த்துக்கத் தெரியாது."

"சரிண்ணா" என்றேன். வாங்கிக்கொண்டேன். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு, நான் இப்போது தங்கியிருக்கும் தாம்பரம் வரை வந்தேன். ஏதாவது தோன்றும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்திலிருந்தவர் ஜன்னலைச் சாத்தச் சொன்னார், சாத்தினேன்.

நீங்கள் போனதிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், கடையைத் திறக்கிறேன், பழுதாகி வரும் கம்ப்யூட்டர்களைப் பிரித்து மாட்டுகிறேன். அழுகை மட்டும் வரவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும், வரும், ஒருநாள் தானாக வரும் என்றார்கள்.

பம்மலிலிருந்து நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு இருபது வயது. அப்பா அம்மா இருவரும் இல்லாத வீடு. அண்ணனும் நானும் ஆளுக்கொரு மூலையில் இருப்போம். அண்ணன் ரயில்வே வேலைக்குப் போனால் நான் டிவி, நான் காலேஜுக்குப் போனால் அவர் டிவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்றீர்கள். கல்யாணம் ஆகி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. பந்து வீசியவனைப் பார்த்துவிட்டு, "இப்போ உள்ள வர்ற பந்து போடுவான் பாருங்க தம்பி" என்றீர்கள். போட்டான். ஸ்டம்ப் பறந்தது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் குழம்பைக் கிளறப் போய்விட்டீர்கள்.

அன்று சாயங்காலம்தான் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தீர்கள். உள்ளே கார்டுகள். நீங்கள் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் பபிள்கம்மோடு வந்தவை. முன்பக்கம் ஆட்டக்காரனின் படம், பின்பக்கம் ஒரு எண், அவன் அடித்த ரன், எடுத்த விக்கெட்.

"எங்க அம்மா பபிள்கம் மென்னா குடல்ல ஒட்டிக்கும்னு திட்டுவாங்க. நான் வாங்கி, கம்மைப் பக்கத்து பெஞ்சுக்காரிகிட்ட கொடுத்துட்டு கார்டை மட்டும் எடுத்துப்பேன். பொம்பளைப் புள்ளைக்கு எதுக்குடி இதுன்னு கேப்பாங்க. எதுக்குன்னு எனக்கும் தெரியாது. பிடிச்சுது."

மொத்தம் எழுபத்திரண்டு கார்டு என்று ஒவ்வொன்றின் பின்னாலும் அச்சடித்திருந்தது. உங்களிடம் பாதிக்கு மேல் இல்லை. அந்த பபிள்கம் கம்பெனியே எப்போதோ மூடிப்போயிருந்தது. "இதை முடிக்கணும் தம்பி" என்றீர்கள். முதல் நாள் வீட்டுக்கு வந்தபோது விளக்கேற்றினீர்களே, அப்போதிருந்த முகம் எனக்கு நினைவில்லை. இதைச் சொன்னபோது இருந்த முகம் நினைவிருக்கிறது.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு அப்படித்தான் போக ஆரம்பித்தோம். பம்மலில் தோல் கம்பெனியில் கணக்கு வேலை உங்களுக்கு. வெள்ளிக்கிழமைகளில் தாமதமாக வருவதாக மேனேஜரிடம் சொல்லி வைத்திருந்தீர்கள். என்ன காரணம் சொன்னீர்கள் என்று நான் கேட்டதில்லை. கோயில் என்று சொல்லியிருப்பீர்கள். துருப்பிடித்த தையல் மெஷின், கால் உடைந்த நாற்காலி, யாரோ வீட்டுப் பழைய ரேடியோ என்று பரப்பி வைத்திருப்பார்கள். அதற்கு நடுவே ஓடாத கைக்கடிகாரங்களைத் துணியில் பரப்பி ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரிடம்தான் முதன்முதலில் கேட்டீர்கள்.

"கிரிக்கெட் கார்டா? புள்ளைக்கா அக்கா?" என்றார் அவர்.

"இல்லண்ணே. எனக்குத்தான்."

அவர் உங்களை மேலும் கீழும் பார்த்தார். அந்தச் சமயம் உங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். டாக்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசமாட்டோம். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். நீங்கள் அங்கேயே நின்றீர்கள்.

"இன்னாக்கா நீ" என்று சிரித்துவிட்டு அவர் சொன்னார். "சரி, கண்ணுல பட்டா உனக்குன்னே எடுத்து வெக்கிறேன். வாராவாரம் வந்துகினு இரு."

எடுத்தும் வைத்தார். யாராவது வீடு காலி செய்யும்போது பரணிலிருந்து இறங்கும் பொருட்களில் கார்டுகளும் வரும். சிலதில் பையன்கள் பேனாவால் மீசை வரைந்திருப்பார்கள். அதையெல்லாம் தள்ள மாட்டீர்கள். சுத்தமான கார்டு கிடைக்கும்வரை மீசை வைத்தவன் ஆல்பத்தில் இருப்பான். அண்ணன் எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லியா?" என்பார். கோபமில்லை, கேலிதான்.

ஒருநாள் ரயிலில் வரும்போது உங்களிடம் கேட்டேன், பெரிய ஆட்டக்காரர்களின் கார்டெல்லாம் சேர்ந்துவிட்டதே, மிச்சமிருப்பவர்கள் யாரென்றே தெரியவில்லையே என்று.

"அப்படித்தான். பெரிய ஆளுங்க கார்டை எல்லாரும் பத்திரமா வெச்சிருப்பாங்க. சும்மா ரெண்டு மேட்ச் ஆடிட்டுப் போனவனை எவன் வெச்சிருப்பான்? அவன்தான் கடைசிவரைக்கும் கெடைக்க மாட்டான்."

கடைசியில் அதேதான் ஆனது. முப்பத்தெட்டாம் எண் மட்டும் பாக்கி. பட்டியல் கார்டில் பெயர் மட்டும் இருந்தது; நியூசிலாந்துக்காரன், சுழற்பந்து போடுகிறவன். யாருக்கும் அவனைத் தெரியவில்லை.

அப்போதுதான் முடிச்சூரையே மூழ்கடித்த அந்த மழை.

அன்று காலை வீட்டில் நீங்கள் மட்டும்தான் இருந்தீர்கள். அண்ணன் டியூட்டியில். நான் முந்தின நாளே கடையில் மாட்டிக்கொண்டேன். தண்ணீர் வாசற்படி ஏறி, கூடத்துக்கு வந்து, கட்டில் உயரத்தைத் தொடுவதற்குள் நீங்கள் செய்ததைப் பிறகு சொன்னீர்கள். பெரிய அரிசி டிரம்மிலிருந்த அரிசியைக் கொட்டிவிட்டு, அதற்குள் வீட்டுப் பத்திரம், எங்கள் சர்ட்டிபிகேட்டுகள், உங்கள் நகை, எல்லாவற்றுக்கும் மேலே ஆல்பம். மூடியைத் திருகி, டிரம்மைக் கூடத்திலேயே விட்டுவிட்டு, பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்குப் போனீர்கள். அம்மாவின் படம் கண்ணாடி போட்டது, பெரியது. டிரம்முக்குள் நுழையாது. அதைப் பரணில் துணிமூட்டைக்கு மேலே ஏற்றி வைத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தீர்கள். தண்ணீர் பரண் வரைக்கும் வரும் என்று யார் நினைப்பார்கள்?

வந்தது. படகில் உங்களை அழைத்து வந்து பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். தண்ணீர் வடிந்து வீட்டுக்குத் திரும்பிய அன்று அண்ணன் பரணில் ஏறினார். சட்டமும் கண்ணாடியும் இருந்தன. நடுவில் இருந்த காகிதம் கூழாகிப் போயிருந்தது. பீரோவின் அடித்தட்டிலிருந்த சின்னப் படங்களும் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் வெறும் வெள்ளைதான் வந்தது.

அண்ணன் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். டிரம்மைத் திறந்தார். எட்டிப் பார்த்தார்.

"ஆல்பத்துக்கு எடம் இருந்துச்சு. அம்மாவுக்கு இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். சத்தம்கூடப் போடவில்லை. நீங்கள் சுவரில் ஒட்டியிருந்த சேற்றை விளக்குமாற்றால் தேய்த்துக்கொண்டே இருந்தீர்கள். மூடியின் இடுக்கு வழியாக டிரம்முக்குள்ளும் கொஞ்சம் சேற்றுத் தண்ணீர் போயிருந்தது, ஆல்பத்தின் ஓரங்களில் மட்டும். கார்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதன்பிறகு அந்த வீட்டில் பேச்சு குறைந்தது. தண்ணி வேணுமா, கரண்ட் பில் கட்டியாச்சா, அவ்வளவுதான். ஆல்பத்தை நீங்கள் கண்ணில் படாத இடத்தில் வைத்தீர்கள். வெள்ளிக்கிழமைகளில் நேராக வேலைக்குப் போனீர்கள். எனக்கு உங்கள் மேல் கோபம் வரவில்லை. அம்மா போனபோது நான் சின்னவன். எனக்குத் தெரிந்த அம்மா அந்தச் சட்டத்துக்குள் இருந்த அம்மாதான், விறைப்பாக, யாரோ மாதிரி.

கோடைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கடைக்குப் போன் செய்தீர்கள். "வாடா, போகலாம்." என்னை நீங்கள் "வாடா" என்று கூப்பிட்டது அன்றுதான் முதல்முறை. சந்தைக்கு என்று நினைத்தேன். ஸ்டேஷனில் எதிர்ப்பக்க ரயிலில் ஏறினீர்கள். கூடுவாஞ்சேரி, சித்தி வீடு.

"அக்கா போட்டோவா?" என்றார் சித்தி. "அவளுக்கு அதெல்லாம் ஆகாது. கேமராவைப் பார்த்தாலே அடுப்பங்கரைக்குள்ள போய்டுவா. எங்கிட்ட அவ படம்னு ஒண்ணு கூட இல்லம்மா."

"கல்யாண ஆல்பம் இருந்தா கொடுங்க சித்தி, யாரு கல்யாணமா இருந்தாலும் பரவால்ல."

தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினீர்கள். நான் மணமக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையைத் தட்டினீர்கள்.

"பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்காதே. பின்னாடி யாரு நிக்கறாங்க, பந்தில யாரு ஒக்காந்திருக்காங்க, அதைப் பாரு."

முப்பத்தெட்டாம் எண்ணைத் தேடிய கண் அது. யாரோ ஒரு மாமாவின் கல்யாணத்தில், சாப்பாட்டுப் பந்தியின் கோடியில், அம்மா இருந்தார். இலைக்கு முன்னால் உட்கார்ந்து, வாய் நிறைய சோற்றோடு, பரிமாறுகிறவரைப் பார்த்துக் கையை நீட்டிப் போதும் என்று தடுத்துக்கொண்டிருந்தார். சித்திதான் விரல் வைத்துக் காட்டினார். காட்டியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

இரண்டு வருடத்துக்கும் மேலாக அப்படித் திரிந்தோம். மடிப்பாக்கத்தில் ஒரு வீடு, சேலையூரில் ஒரு வீடு. பொழிச்சலூரில் ஒரு வீட்டில், விமானம் தலைக்குமேல் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திக் காத்திருந்துவிட்டுத் திரும்ப ஆரம்பிப்போம். உங்களுக்கு முன்பின் தெரியாத என் சொந்தக்காரர்கள். கதவைத் தட்டி, "நான் இன்னாரோட மருமக, நான் வர்றதுக்கு முன்னாடியே அத்தை போய்ட்டாங்க. அவங்க படம் ஏதாவது இருக்குமான்னு பார்க்க வந்தேன்" என்பீர்கள். சில இடங்களில் காபி கொடுத்தார்கள். ஒரு இடத்தில் சொத்துக்கு ஏதோ அடி போடுகிறோம் என்று நினைத்து உள்ளேயே விடவில்லை. வெளியே வந்து, "அடுத்தது எங்க?" என்று கேட்டீர்கள். கிடைத்ததையெல்லாம் போனில் படமெடுத்தோம். கடையில் வைத்து நான் கூட்டத்திலிருந்து அம்மாவை மட்டும் பிரித்துப் பெரிதாக்கினேன். முதுகு மட்டும் தெரிந்த ஒன்று. பாதி முகம் தூணில் மறைந்த ஒன்று. குழந்தையாக அண்ணனை இடுப்பில் வைத்துக்கொண்டு வேறெங்கோ பார்க்கும் ஒன்று. எல்லாவற்றையும் கார்டு அளவுக்கே அச்சடிக்கச் சொன்னீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கார்டு வைக்கிற உறைத்தாள் ஒன்றை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நீங்கள் ரசம் எடுக்க உள்ளே போனீர்கள். பைக்கு ஒன்றாக அம்மாவின் படங்கள். ஒரு பை காலி.

அண்ணன் பார்த்தார். எழுந்து போய்க் கை கழுவி, துடைத்துக்கொண்டு வந்து, பந்தியில் சாப்பிடும் படத்தை மட்டும் வெளியே எடுத்தார். நீங்கள் ரசக்கிண்ணத்தோடு வாசலிலேயே நின்றீர்கள்.

"அம்மா இப்படித்தான்டா சாப்பிடுவாங்க" என்றார் என்னிடம். "போதும் போதும்னு சொல்லிட்டே சாப்பிடுவாங்க. எனக்கு மறந்தே போச்சு. அந்த பிரேம் போட்ட படம் இருந்ததால, அதுதான் அம்மான்னு ஆயிடுச்சு."

பிறகு உங்கள் பக்கம் திரும்பினார். "உக்காந்து சாப்பிடு. ஆறிடப்போவுது."

ரொம்ப நாள் கழித்து அவர் உங்களை உட்காரச் சொன்னது அன்றுதான். நீங்கள் உட்கார்ந்தீர்கள். மூவரும் சாப்பிட்டோம். பாத்திரம் எடுக்கும்போது அண்ணன் கேட்டார், "அந்தக் கார்டு சேக்குறதை ஏன் நிறுத்திட்ட?"

அடுத்து அவருக்கு லீவு வந்த வெள்ளிக்கிழமை அவரும் சந்தைக்கு வந்தார். வெயில், கூட்டம், அவருக்கு எரிச்சல். உங்கள் கடிகாரக்காரரிடம் நாம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் தள்ளிப்போய், பழைய பூட்டு சாவி விற்கும் இடத்தில் குனிந்து எதையோ கிளறினார். திரும்பி வந்து ஒரு கார்டை நீட்டினார்.

"இது உன்னோட ஜாதியா பாரு. சாவி டப்பாக்குள்ள கெடந்துச்சு."

நீங்கள் பின்பக்கம் திருப்பினீர்கள். அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள். "நீ பாருடா. எனக்குக் கண்ணு சரியா தெரியல."

முப்பத்தெட்டு.

அண்ணன் பயந்துபோனார். "என்னாச்சு? நல்லதா கெட்டதா? யாராவது சொல்லுங்களேன்!"

நீங்கள் சிரித்தது எனக்குக் கேட்கிறது. கடிகாரக்காரர் எழுந்து வந்து எல்லோருக்கும் டீ சொன்னார். "முடிஞ்சுதா அக்கா? இனிமே நம்ம கடைக்கு வரமாட்டியா?" என்று கேட்டார். அதே கம்பெனி அதற்கடுத்து இன்னொரு வரிசை போட்டது, அதில் சிலதைத்தான் பார்த்திருக்கிறேன், அதையும் ஆரம்பிக்கலாம் என்றீர்கள். அவர், "அப்போ சரி" என்றார்.

கொஞ்ச நாள் நன்றாக இருந்தோம், அண்ணி. அதை எழுத வேண்டும். பிறகு நடந்ததை மட்டும் எழுதினால் அது சரியில்லை. சில வருடங்கள் நன்றாகவே இருந்தோம்.

பிறகு நடந்தது சீக்கிரம் நடந்தது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். தலை வலிக்கிறது என்று படுத்தீர்கள். அண்ணன் போன் செய்தபோது நான் ஒரு மதர்போர்டைப் பிரித்து வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். உங்கள் வளையல்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டேன். நீங்கள் கண் திறக்கவேயில்லை. எல்லா ஏற்பாட்டையும் நான்தான் செய்தேன். வண்டி, பூ, ஐஸ் பெட்டி, பந்தல். எந்தப் பிழையும் வரவில்லை. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

அன்று எல்லோரும் கிளம்பிப் போன பிறகு அண்ணன் என்னிடம், "நீயும் அழல, நானும் அழல. அவ பார்த்தா என்ன நெனைப்பா?" என்றார். நான் நாற்காலிகளை அடுக்கப் போனேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. காலையில் கடையைத் திறக்காமல் பல்லாவரம் போனேன். ஏன் என்று கேட்காதீர்கள். நீங்கள் போனபிறகு அந்தப் பக்கமே போகவில்லை. தூறிக்கொண்டிருந்தது. பாதிப் பேர் கடை போடவில்லை. கடிகாரக்காரர் நீலப் பிளாஸ்டிக் ஷீட்டுக்குக் கீழே குந்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

"இன்னாபா, ஆளையே காணோம்? அக்கா வர்ல?"

"வரல" என்றேன்.

"எவ்ளோ நாளா எடுத்து வெச்சிகினு கீறேன் தெரியுமா?" என்று உட்கார்ந்திருந்த சாக்குக்கு அடியிலிருந்து ஒரு கவரை உருவினார். உள்ளே இரண்டு கார்டுகள். அடுத்த வரிசை. ஓரம்கூட மடங்கவில்லை. "பம்மல்ல ஒரு வூட்ல பழைய சாமான் எடுத்தேன். அங்க இன்னும் ஒரு பொட்டி பரண் மேல கீதாம். மழைல எறக்க மாட்டேன்னுட்டாங்க. அக்காகிட்ட சொல்லு."

சொல்லியிருக்க வேண்டும், அண்ணி. வாயைத் திறந்தேன். அதற்குள் யாரோ ஒரு கடிகாரத்தைத் தூக்கி விலை கேட்டார்கள், அவர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். நீங்கள் போய்விட்டீர்கள் என்ற வாக்கியம் என்னிடம் இல்லை, அவ்வளவுதான். அந்த ஒரு இடத்தில் நீங்கள் இன்னும் வரவேண்டியவராக இருந்தீர்கள். வெறுமனே, இந்த வாரம் வராதவராக.

"சொல்றேண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கார்டுகள் இப்போது என் சட்டைப் பையில் இருக்கின்றன. ஆல்பத்தில் வைக்கவில்லை. இந்த வரிசையில் மொத்தம் எத்தனை என்றுகூட எனக்குத் தெரியாது. உங்களைத்தான் கேட்க வேண்டும். நேற்றிலிருந்து யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன், அண்ணனிடம்கூட. ஆனால் சொல்கிறேன் என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பம்மலில் ஒரு வீட்டுப் பரணில் இன்னும் ஒரு பெட்டி இருக்கிறதாம், அண்ணி. மழை நின்றதும் இறக்குவார்களாம்.